பரீட்சைப் பயத்தைப் படிப்பித்தவர்கள்

போன மாதம் வவுனியாவில் நடந்த ஒரு செயலமர்வுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்களுக்கானது. நீங்களும் அதில் இருந்தீர்கள். ‘பரீட்சை அழுத்த முகாமைத்துவம்’ என்று தலைப்பு. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி திரையில் மூளையின் படத்தைப் போட்டுச் சிவப்புக் கோட்டால் அங்கங்கே வட்டம் போட்டுக் காட்டினார். பரீட்சைக்கு முதல்நாள் வாழைப்பழம் நல்லது என்றார். நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை வாயால் விட வேண்டும் என்றார். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று மூச்சு விட்டது. எனக்குப் பரீட்சை எழுதும் வயது போய் எவ்வளவோ காலம். இருந்தாலும் நானும் விட்டேன்.

கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியை பத்து நிமிடம் பேசுவார் என்றார்கள். சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டதால் அந்தப் பத்து நிமிடம் மூன்றாகிவிட்டது. பிள்ளைகளைப் பயப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன். கைதட்டினீர்கள். நான் சொன்னதில் கைதட்ட ஒன்றும் இருக்கவில்லை. பார்சலுக்காகத்தான் தட்டினீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மிச்ச ஏழு நிமிடத்தை இங்கே எழுதுகிறேன். இதற்குப் பார்சல் இல்லை.

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். பிள்ளைகளின் பரீட்சைப் பயத்துக்குக் காரணம் தாய் தகப்பன், கைபேசி, நித்திரைக் குறைவு என்று ஆசிரியர் கூட்டங்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கும். மிச்சப் பயத்தை நாங்களேதான் நேரசூசி போட்டு, வரவு எடுத்து, ஒழுங்காகப் படிப்பிக்கிறோம். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடத்தைப் போல வேறெந்தப் பாடத்தையும் நாங்கள் இவ்வளவு நன்றாகப் படிப்பிப்பதில்லை. அதில் நான் எங்கள் கல்வி வலயத்திலேயே பேர்போனவள்.

முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் பதினோராம் ஆண்டுச் சாதாரண தர வகுப்புக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் நேரம் போதாமல் கடைசிக் கணக்குகளைத் தொடாமலே எழும்பி வந்தார்கள். அதற்கு நான் ஒரு மருந்து கண்டுபிடித்தேன். ஒரு கைமணி வாங்கினேன். ஒரு கணக்குக்குப் பத்து நிமிடம். மணி அடித்தால் பேனையைக் கீழே வைக்க வேண்டும். பாதியில் நின்றாலும் வைக்க வேண்டும். விடை கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் வைக்க வேண்டும். அடுத்த மணிக்கு அடுத்த கணக்கு. ஒரு மாதத்தில் நாற்பது பேனையும் ஒரே நேரத்தில் மேசையில் விழும் சத்தம் கேட்டது. அதிபர் வாசலில் நின்று பார்த்துவிட்டு மற்ற ஆசிரியர்களிடமும் சொன்னார். வலயத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி படம் எடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துத்தான் போனது.

அந்த வகுப்பில் ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை. தகப்பனுக்குக் கடற்தொழில். தாய் கடற்கரைக் கொட்டிலில், வாடியில், மீன் காயவைப்பார். மெதுவான பிள்ளை. மெதுவை மந்தம் என்று நினைக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்: மந்தமில்லை. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் முதலில் ஒரு படம் கீறுவாள். தண்ணீர்த் தொட்டிக் கணக்கென்றால் தொட்டியையும் குழாயையும் கீறுவாள். ஆறு பேர் கிணறு வெட்டும் கணக்கென்றால் ஆறு பேரையும் கீறி, அதில் ஒருவருக்குத் தொப்பியும் வைப்பாள். படம் முடிந்தபிறகு கணக்கு அவளுக்கு நாலு வரி. வகுப்பில் வேறெவருக்கும் அந்த நாலு வரி வராது. ஆனால் என் பத்து நிமிடத்தில் எட்டைப் படம் தின்றுவிடும்.

ஒருநாள் அவளுடைய கொப்பியைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினேன். “சித்திர பாடம் பக்கத்து வகுப்பிலை நடக்குது பிள்ளை. அங்கை போறியோ?” என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. பிள்ளைகளைச் சிரிக்கவைத்துப் படிப்பிப்பவர் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. எவரை வைத்துச் சிரிக்கவைக்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஜெசிந்தா படம் கீறுவதை விட்டாள். புள்ளிகள் இறங்கத் தொடங்கின. தவணை அறிக்கையில் நான் எழுதினேன்: ‘பரீட்சைப் பதற்றம் உண்டு. பெற்றோர் கவனம் எடுக்கவும்.’ என் கையெழுத்து மிக அழகானது.

பெறுபேறு வந்தபோது மற்றப் பாடங்களில் எல்லாம் நல்ல சித்தி. கணிதத்தில் டபிள்யூ, சித்தியில்லை. கணிதம் இல்லாமல் அடுத்த படியான உயர்தரத்துக்குப் போக வழியில்லாத காலம் அது. இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“என்ன பிள்ளை நடந்தது? பதட்டப்பட்டிட்டியோ?” என்றேன்.

“இல்லை ரீச்சர். வடிவாத்தான் தொடங்கினனான். மூண்டாங் கணக்குச் செய்யேக்கை மண்டபத்திலை மணி அடிச்சது.”

“அது அரைமணித்தியாலம் போயிட்டுதெண்டு அடிக்கிற மணியெல்லே?”

“ஓம் ரீச்சர். அது தெரியும். ஆனா கை பேனையை வைச்சிட்டுது.”

எனக்கு உடனே விளங்கவில்லை. “பிறகு எடுக்கலாம்தானே?” என்று கேட்டேன்.

“எடுத்தனான். ஆனா மூண்டாங் கணக்குக்குத் திரும்பிப் போக மனம் வரேல்லை. அது முடிஞ்சுதெண்டு இருந்தது. நாலாவதுக்குப் போனன். அதிலையும், இப்ப அடிக்கப்போகுது, இப்ப அடிக்கப்போகுதெண்டு காதைக் குடுத்துக்கொண்டிருந்தன். பாதியிலை விட்டிட்டு அஞ்சாவதுக்குப் போனன். எல்லாம் பாதி பாதியா நிண்டிட்டுது.”

அவள் அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லவுமில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றாள். நான் அப்போது என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் இதைத்தான் செய்வீர்கள். “கேள்வித்தாளை நிதானமா வாசிச்சிருக்கவேணும் பிள்ளை,” என்றேன். “ஓம் ரீச்சர்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மணியை அலுமாரிக்குள் வைத்தேன். எறியவில்லை.

அந்த வருட உயர்தரப் பரீட்சைக்கு மண்டபத்தில் பிள்ளைகளைக் கண்காணிக்கும் நோக்குநர் கடமைக்கு என்னைக் கண்டாவளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் போட்டார்கள். மண்டபத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவர் வேறொரு பாடசாலையின் அதிபர். பேரை எழுதமாட்டேன். எழுதினால் வீட்டுக்கே வந்து ஏசுவார். மெலிந்த மனிதர். சப்பாத்துப் போடாமல் றப்பர் செருப்போடு வந்திருந்தார். பரீட்சை மண்டபத்துக்கு வரும் கோலமா இது என்று நானும் மற்ற நோக்குநரும் கண்ணால் கதைத்துக்கொண்டோம். அவர் நடந்து திரியும் சத்தம் பிள்ளைகளின் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் செருப்பு. அது எனக்கு விளங்க நாலு நாளானது. என் காலில் குதிச் சப்பாத்து. மேசைகளுக்கு நடுவில் குதிரை போலத் திரிந்துகொண்டிருந்தேன்.

அதில் ஒருநாள் புவியியல். அதற்கு முந்தின வாரம் கிளிநொச்சியில் ஒரு பெரிய கருத்தரங்கு நடந்திருந்தது. தனியார் வகுப்பு நடத்தும் ரியூட்டரிச் சேர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் கேள்விகள் இவைதான் என்று சொல்லியிருந்தார். அந்தத் தாள் வட்ஸ்அப்பில் கண்டாவளை வயல்வெளியெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. நீர்ப்பாசனம் இந்தமுறை வரவே வராது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றும் சேர் சொல்லியிருந்தாராம். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. சுவரொட்டியில் பார்த்தேன். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, மேகங்களுக்கு நடுவில் நின்றார்.

கேள்வித்தாள் கொடுத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பின்வரிசையில் ஒரு பிள்ளை வாய்விட்டு அழுதாள். ஒரு பையன் தாளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மேசையில் தலையை வைத்தான். இன்னொருவன் எழும்பி நின்றான். “சேர், இது எங்கடை பேப்பர்தானோ?” என்று கேட்டான்.

நீர்ப்பாசனத்துக்கு ஒரு முழுக் கேள்வி வந்திருந்தது. அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பிள்ளைகளின் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. குளத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதே கதைக்கிற வீடுகள். நெல் விதைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார்கள், பிள்ளைகள் அழுகிறார்கள். அது வராதென்று மேகத்துக்குள் நின்ற ஒருவர் சொல்லியிருந்தார் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

நான் மேசை மேசையாகப் போய், “பதட்டப்படாதைங்கோ, பதட்டப்படாதைங்கோ,” என்று சொல்லத் தொடங்கினேன். என் சப்பாத்தும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தது. அதுவரை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். எழுதும் சத்தம் வரிசை வரிசையாக நின்றது. ஒரு மண்டபம் முழுவதும் விறைத்துப்போவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த மனிதர் எனக்குக் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். எழும்பி நின்ற பையனிடம், “உங்கடைதான் தம்பி. இருங்கோ,” என்றார். பிறகு மண்டபத்தின் முன்னால் வந்து, கடையில் சாமான் கேட்பவரைப்போலச் சாதாரணக் குரலில் சொன்னார்:

“பிள்ளையள், எல்லாரும் பேனையை எடுங்கோ. ஒவ்வொரு விடைத்தாளிலையும் சுட்டெண் சரியா எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. எழுதாத தாளிலை இப்ப எழுதுங்கோ. ஒவ்வொரு இலக்கமா, ஆறுதலா. ஒருதரும் அவசரப்படவேண்டாம்.”

அவ்வளவுதான். கேள்வித்தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆறுதல் இல்லை. சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் குனிந்தார்கள். தங்கள் பரீட்சை இலக்கமான சுட்டெண்ணை எழுதினார்கள். தலையை வைத்திருந்த பையனும் நிமிர்ந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி எழுதினான். கடைசித் தாளில் எழுதி முடித்தவன் பேனையை வைக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட கேள்வித்தாளைத் திருப்பினான். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் மறுபடியும் எழுதும் சத்தம் வந்தது. அழுத பிள்ளைக்கு மட்டும் அது உதவவில்லை. அரைப் பக்கம் எழுதிவிட்டு, மண்டபத்தை விட்டுப் போகலாம் என்ற நேரம் வந்ததும் எழும்பிப் போய்விட்டாள். எல்லாரையும் காப்பாற்றினார் என்று கதை விடமாட்டேன்.

விடைத்தாள்களைக் கட்டி முடித்தபின் அவரிடம் கேட்டேன். “சேர், அப்பிடிச் சொல்லவேணுமெண்டு எப்பிடித் தெரியும்?”

“எனக்குக் கை விறைக்கும் ரீச்சர். படிக்கிற காலத்திலை சோதினை எண்டால் விறைக்கும். போன வருஷம் அதிபர் தரச் சோதினையிலையும் விறைச்சது. தெரிஞ்ச ஒண்டை எழுதினாத்தான் இளகும். சுட்டெண் ஒருதருக்கும் பிழைக்காதுதானே.”

பிறகு, “நீங்கள் பதட்டப்படாதை பதட்டப்படாதை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சியள். நல்லா எழுதிக்கொண்டிருந்ததுகளும் என்னவோ நடந்திட்டுதாக்கும் எண்டு பாத்துதுகள்,” என்றார்.

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. முப்பது வருட அனுபவம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது முழு வழியும் ஜெசிந்தாவின் கையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். தானாகப் பேனையை வைத்த கை. அதற்கு அதைப் பழக்கியது நான்.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் நின்றார். கதிரை எடுத்துப் போட்டார். ஆனால் முகம் கொடுக்கவில்லை.

“அவள் நாளைக்குக் கிளிநொச்சித் தையல் பக்டரிக்குப் போறாள் ரீச்சர். பஸ் வந்து ஏத்திக்கொண்டு போகும். இனி அவளுக்குப் படிப்பு வேண்டாம். அறிக்கையிலை நீங்கள்தானே எழுதினனீங்கள், பதற்றமெண்டு. அது எங்கடை பரம்பரையிலை ஒருதருக்கும் இல்லை. இவளுக்கு எங்கையிருந்து வந்ததெண்டு தெரியேல்லை.”

“என்னட்டையிருந்துதான் வந்தது,” என்றேன்.

தாய் என்னைப் பார்த்தார். ஜெசிந்தா குசினிக்குள்ளிருந்து வந்து கதவடியில் நின்றாள். மணியைப் பற்றித் தாய்க்கு முழுவதும் சொன்னேன். வகுப்பில் கொப்பியைத் தூக்கிக் காட்டியதையும் சொன்னேன். அது மணியைவிடச் சொல்லக் கடினமாக இருந்தது. மகள் அதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

“இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்று தாய் கேட்டார். அதில் மரியாதை இருக்கவில்லை. எனக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை.

“கணிதம் மட்டும் தனியா எழுதலாம். பக்டரிக்குப் போகட்டும். ஞாயிறு பூசை முடிய என்ரை வீட்டை வந்தால் காணும்,” என்றேன்.

ஜெசிந்தா அப்போதுதான் வாய் திறந்தாள். “படம் கீறலாமோ ரீச்சர்?”

“கீறு பிள்ளை.”

தாய் மறிக்கவில்லை. ஏழு மாதம் வந்தாள். கிழமை முழுவதும் தையல் இயந்திரத்தில் இருந்துவிட்டு, ஞாயிறு பூசை முடிய வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வருவாள். அந்த ஏழு மாதத்தில் நான் படிப்பித்தது கொஞ்சம். வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் கூட. அதுவும் ஒரு பயிற்சிதான், முயன்று பாருங்கள். முதலில் அவள் கேள்வித்தாள் முழுவதையும் வாசிப்பாள். எந்தக் கணக்கின் படம் உடனே கண்ணில் தெரிகிறதோ அதை முதலில் செய்வாள். முதலாவதில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நான்தான் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். இறுகிப்போன கணக்கைப் பாதியில் விடும்போது கீழே நாலு வரி இடம் விட்டுப் போவாள். திரும்பி வரலாம் என்று அந்த வெறும் இடம் அவளுக்குச் சொல்லும். சுட்டெண்ணை ஆறுதலாக எழுதும் கதையையும் சொன்னேன். நான் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

ஒருவரும் தலைக்கு மேலே நிற்காவிட்டால் அவளுடைய படத்துக்கு எட்டு நிமிடம் தேவையில்லை, மூன்றே போதும் என்று இரண்டாம் மாதம் கண்டுபிடித்தோம். மிச்ச ஐந்து நிமிடமும் என்னைப் பார்த்துப் பயந்த நேரம்.

பரீட்சை நாள் வந்தது. அந்த வருடம் எனக்குக் கடமை இல்லை. வீட்டில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. முதலாம் பகுதி முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் நேரம் பார்த்துப் பாடசாலை கேற்றடியில் போய் நின்றேன். அங்கே எங்கள் ஆட்கள் ஏற்கெனவே ஐந்தாறு பேர் நின்றார்கள். இந்தக் காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் கேள்வித்தாள் ஒன்றை வாங்கி, மோட்டார் சைக்கிள் இருக்கையில் விரித்து வைத்து, விடைகளைச் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வந்த பிள்ளைகளை மறித்து, “பதினெட்டுக்கு என்ன வந்தது? ஐயோ, அதில்லை! முன்னாலை மறை அடையாளத்தை விட்டிட்டியே!” என்றார். இரண்டாம் பகுதிக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்தப் பிள்ளை அந்த மறை அடையாளத்தைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போகப்போகிறாள். நாங்கள் இதற்கு ஊக்கமளித்தல் என்று பேர் வைத்திருக்கிறோம்.

நான் அவர்களைப்போல இல்லை என்று நினைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். கையில் சோடாப் போத்தல் ஒன்று. ஜெசிந்தாவுக்குச் சொல்ல ஒரு நல்ல வார்த்தையும் யோசித்து வைத்திருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் வந்து முடிந்தார்கள். அவளைக் காணவில்லை. சோடா சூடாகிவிட்டது. வீட்டுக்குப் போனேன்.

பெறுபேறு வந்த அன்று சைக்கிளில் வந்தாள். கணிதத்தில் திறமைச் சித்தி. உயர்தரத்துக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தாய் நெத்தலிக் கருவாடு ஒரு பையில் கொடுத்து அனுப்பியிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கொஞ்சம் புகழ்ச்சி கேட்கலாம் என்று ஆசை வந்தது.

“அண்டைக்கு இடைவேளைக்கு உனக்காகக் கேற்றடியிலை நிண்டனான் பிள்ளை. காணேல்லை,” என்றேன்.

“நான் உங்களைக் கண்டனான் ரீச்சர்,” என்றாள்.

“கண்டனியோ? பிறகேன் வரேல்லை?”

“கண்டபடியாத்தான் மற்றப் பக்கத்தாலை போனனான். கிணத்தடியிலை முகம் கழுவிப்போட்டு, கொண்டுபோன பாண் துண்டைச் சாப்பிட்டிட்டு, மணி அடிக்குமட்டும் தனிய இருந்தனான்.”

“ஏன் பிள்ளை?”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. “நீங்கள் ஏதும் சொல்லிப்போடுவியளெண்டு பயமாயிருந்தது ரீச்சர்.”

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்று பின்னேரம் முழுவதும் வந்தது. பிறகு ஆறியிருந்து யோசித்தேன். முப்பத்தொரு வருடத்தில் என் மாணவர்களில் எவரும் பரீட்சை நாளில் அதைவிடச் சரியான முடிவு எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதை நான் படிப்பிக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள்.

தம்பிமார், தங்கச்சிமார், இன்னும் சில மாதத்தில் நீங்களும் ஒரு கேற்றடிக்குப் போவீர்கள். புதுச் சேட்டும் புதுச் சேலையுமாக, பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல. கெட்ட எண்ணத்தோடு போகமாட்டீர்கள், நானும் போகவில்லை. அந்தக் கேற்றுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி, நிச்சயம் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கும். அதற்குள் போய், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கள்.